பட்டியலில் இல்லாத பாட்டில்

2025 அக்டோபர் முதல் வாரத்தில் ஒரு மாலை, எதிர்வீட்டுப் பெண் பிளாஸ்டிக் பை ஒன்றில் மூன்று மருந்து பாட்டில்களைப் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்தாள். மூன்றும் பாதி தீர்ந்தவை. ஒன்று காய்ச்சலுக்கு, ஒன்று சளிக்கு, மூன்றாவது எதற்கு வாங்கியது என்பது அவளுக்கே மறந்துவிட்டது. அதன் மூடியைச் சுற்றிச் சர்க்கரை பூத்து, எறும்பு ஒன்று ஒட்டிக்கிடந்தது. அவள் மகனுக்கு மூன்று வயது. "மாமா, டி.வி.யில சொல்றாங்களே, அந்த மருந்து இதுல எதுனா இருக்குதா, பார்த்துச் சொல்லுங்க" என்றாள். அரசு மருத்துவமனைகளில் முப்பத்தோரு ஆண்டுகள் மருந்தாளுநராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் என்பதால், எங்கள் தெருவில் யார் கைக்கு மருந்துச் சீட்டு வந்தாலும் அது என் கண்ணில் ஒருமுறை பட்டுவிட்டுத்தான் கடைக்குப் போகும். அந்தப் பழக்கத்தில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாட்டில்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன்.

பார்த்து எதைக் கண்டுபிடித்துவிட முடியும்? தெளிந்த செந்நிற நீர். மூடியைத் திறந்தால் ஆரஞ்சு மிட்டாயின் மணம். சாய்த்தால் தேன்போல மெல்ல இறங்குகிறது. தொண்டைக்கு இதமளிக்கும் மருந்தும் சிறுநீரகத்தை அழிக்கும் நஞ்சும் நிறம், மணம், கொழகொழப்பு மூன்றிலும் ஒன்றுபோலவே இருக்கும். என்னால் படிக்க முடிந்தது பெயர், தயாரிப்பாளரின் முகவரி, பேட்ச் எண் (ஒரே தடவையில் தயாரான தொகுப்பின் எண்), தயாரித்த மாதம், காலாவதி மாதம் ஆகியவற்றை மட்டுமே. அவற்றை எழுத்துப் படிக்கத் தெரிந்த எவரும் படிக்கலாம். அதற்கு முப்பத்தோரு வருட சர்வீஸ் தேவையில்லை.

தொலைக்காட்சியில் அப்போது ஓடிக்கொண்டிருந்த செய்தி மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாடா மாவட்டத்தைப் பற்றியது. ஆகஸ்ட் இறுதியிலிருந்து அங்கே பராசியாவைச் சுற்றியுள்ள ஊர்களில் சிறு குழந்தைகள், பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள், சாதாரணக் காய்ச்சலுக்கும் சளிக்கும் மருந்து குடித்த சில நாள்களில் சிறுநீர் கழிப்பதை நிறுத்தினார்கள். பலரை மாநில எல்லை தாண்டி நாகபுரிக்கு டயாலிசிஸுக்காகத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தனர். முதலில் குடிநீரைச் சோதித்தார்கள், எலியைச் சந்தேகித்தார்கள், மூளைக்காய்ச்சலாக இருக்குமோ என்றார்கள்; சிறுநீரகத் திசுவை எடுத்துப் பார்த்த பிறகுதான் சந்தேகம் மருந்தின் பக்கம் திரும்பியது. குழந்தைகள் குடித்த 'கோல்ட்ரிஃப்' என்ற சிரப் தயாரானது காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில். சென்னைக்குப் போகும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து நான் எத்தனையோ முறை கடந்த ஊர் அது.

மத்தியப் பிரதேசத்திலிருந்து கடிதம் வந்ததும் தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையினர் அந்த ஆலைக்குச் சென்று மாதிரிகளை எடுத்தனர். ஆயுத பூஜையும் விஜயதசமியும் காந்தி ஜெயந்தியுமாக விடுமுறை நாள்கள். இருந்தும் இரண்டு நாள்களுக்குள் முடிவு வந்துவிட்டது. டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு 48.6 விழுக்காடு. மருந்தில் அது 0.1 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது விதி. ஐந்து மில்லி கரண்டி ஒன்றில் ஏறத்தாழ இரண்டரை கிராம் நஞ்சு. இதைக் கலப்படம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, பாலில் தண்ணீர் கலப்பதைக் குறிக்கும் சொல்லை இதற்கும் பயன்படுத்துவதா? என்னை அன்றைக்கு உறுத்தியது இன்னொன்று. அந்த பேட்ச் தயாரானது மே மாதத்தில். விடுமுறை நாளிலும் இரண்டே நாளில் செய்ய முடிந்த ஒரு சோதனை, மே மாதத்திலிருந்து அக்டோபர் வரை எவர் கையாலும் செய்யப்படவில்லை. அல்லது செய்ததாக எங்கோ ஒரு தாளில் எழுதிவைக்கப்பட்டிருந்தது.

மருந்து எழுதிக் கொடுத்த மருத்துவர் கைது செய்யப்பட்டார். கோல்ட்ரிஃபைப் போல, குளோர்பெனிரமைனும் ஃபெனைலெஃப்ரினும் சேர்ந்த சளி மருந்தை நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று லேபிளில் அச்சிடும்படி 2023 டிசம்பரிலேயே ஒன்றிய அரசின் மருந்துத் தலைமை அலுவலகம் அறிவுறுத்தியிருந்ததால், அவரிடம் கேட்பதற்குக் கேள்விகள் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் பாட்டிலுக்குள் நஞ்சு இருப்பது அவருக்கு எப்படித் தெரிந்திருக்கும்? எனக்குத் தெரியாததைப் போலவேதான் அவருக்கும் தெரியாது. கடைக்காரருக்கும் தெரியாது, தாய்க்கும் தெரியாது. நாம் காசு கொடுத்து வாங்கும் பொருள்களில் மருந்து ஒரு தனி வகை. கத்தரிக்காயில் சொத்தை இருந்தால் புரட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். துணி சாயம் போனால் முதல் துவைப்பில் தெரியும். மருந்தின் தரத்தை அதை வாங்குபவரால் வாங்கும்போதும் அறிய முடியாது, குடித்த பிறகும் அறிய முடியாது. காய்ச்சல் குறையாவிட்டால் நோய் முற்றிவிட்டது என்றுதான் நினைப்போம்.

இந்த நஞ்சு மருந்துக்குள் எப்படி வருகிறது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். தண்ணீரில் எளிதில் கரையாத மருந்துப் பொருள்களைச் சிரப்பாக்க ஒரு கரைப்பான் தேவை. கிளிசரின், புரோப்பிலீன் கிளைக்கால், சார்பிட்டால் ஆகியவை அதற்குப் பயன்படுகின்றன. இவை அழகுப் பொருள்களிலும் பெயின்ட்டிலும் வேறு பல தொழில்களிலும் பயன்படுவதால், மருந்துக்கான தரம், தொழிற்சாலைக்கான தரம் என இரு வகையாக விற்கப்படுகின்றன. டைஎத்திலீன் கிளைக்கால் இவற்றுக்கு ஒன்றுவிட்ட உறவுபோல: நிறமற்றது, இனிப்பானது, அதே கொழகொழப்பு, விலையோ குறைவு, பிரேக் எண்ணெயிலும் பிசின் தயாரிப்பிலும் அதற்கு வேலை உண்டு. தெரிந்தே மலிவானதைச் சேர்ப்பவர்கள் உண்டு. பீப்பாயின் மேல் ஒட்டிய தாளை நம்பி ஏமாறுபவர்களும் உண்டு. உடலுக்குள் போனபின் கல்லீரல் இதை மாற்றி உண்டாக்கும் அமிலம் சிறுநீரக நுண்குழாய்களைச் சிதைக்கிறது. ஓரிரு நாள் வாந்தியும் வயிற்றுவலியுமாக இருக்கும். பிறகு சிறுநீர் நின்றுவிடும்.

1937இல் அமெரிக்காவில் மாசன்கில் என்ற நிறுவனம் சல்ஃபனிலமைடு என்ற கிருமிக்கொல்லி மருந்தை இதே நஞ்சில் கரைத்து ராஸ்பெர்ரி சுவை சேர்த்து விற்றது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அந்த நிறுவனம் மருந்தைச் சந்தைக்கு அனுப்புமுன் சோதிக்கத்தான் செய்தது: நிறம், மணம், சுவை ஆகிய மூன்றையும் சோதித்தது. திண்ணையில் உட்கார்ந்து நான் செய்ததும் கிட்டத்தட்ட அதேதான். அன்றைய அமெரிக்கச் சட்டத்தில் நஞ்சை மருந்தென்று விற்றதற்குத் தண்டனை இல்லை. 'எலிக்சிர்' என்று பெயர் வைத்தால் அதில் ஆல்கஹால் இருக்க வேண்டும், இதில் இல்லை என்ற பெயர்க் குற்றத்தைத்தான் அந்த நிறுவனத்தின் மேல் சுமத்த முடிந்தது. மறு ஆண்டே, 1938இல், விற்கும் முன் மருந்தின் பாதுகாப்பை நிறுவ வேண்டும் என்ற புதிய சட்டத்தை அந்த நாடு இயற்றிக்கொண்டது.

அதன் பிறகு இந்தச் சாவுகள் பெரும்பாலும் ஏழை நாடுகளின் முகவரிக்கு இடம்பெயர்ந்துவிட்டன. 1970களின் தொடக்கத்தில் நம் சென்னையிலேயே குழந்தைகள் பத்துக்கும் மேற்பட்டோர் இதே நஞ்சுக்குப் பலியானார்கள். 1986இல் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் சிகிச்சைக்காகக் கொடுத்த கிளிசரினால் 14 நோயாளிகள் இறந்து, நீதிபதி லெண்டின் தலைமையில் விசாரணை நடந்தது. 1998இல் குருகிராம், 2020இல் ஜம்முவின் ராம்நகர். நான் டிப்ளமோ படித்த காலத்தில் ஜே.ஜே. மருத்துவமனைச் சம்பவம் வகுப்பில் பாடமாகவே சொல்லப்பட்டது. அது தேர்வுக்கு வரக்கூடிய ஐந்து மதிப்பெண் கேள்வி என்பதற்கு மேல் எங்களில் யாரும் அதைப் பற்றி யோசித்ததாக நினைவில்லை.

டாக்காவில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அங்குள்ள குழந்தைகள் மருத்துவமனையில் முகமது ஹனீஃப் என்ற சிறுநீரக மருத்துவர், காரணம் புரியாமல் சிறுநீரகம் செயலிழந்து வரும் குழந்தைகளை ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருந்தார். பெரும்பாலான குழந்தைகள் இறந்தனர். கடைசியில் சந்தேகத்துக்குரிய பாராசிட்டமால் சிரப் அமெரிக்காவுக்குக் கொண்டுபோகப்பட்டு, மாசசூசெட்ஸ் மாநில ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டபோதுதான் விடை கிடைத்தது. 1992 இறுதியில் பாராசிட்டமால் சிரப்புக்குத் தடை வந்தது. அதன்பின் அந்த மருத்துவமனையில் இத்தகைய நோயாளிகளின் வருகை 84 விழுக்காடு குறைந்தது. 1995இல் அவரும் சக மருத்துவர்களும் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இருந்தவர்கள் 339 குழந்தைகள். ஒரே ஒரு மருத்துவமனையின் கணக்கு அது. மருத்துவமனை வாசலுக்கே வராமல் கிராமத்தில் இறந்து புதைக்கப்பட்டவர்கள் எந்தக் கணக்கிலும் இல்லை. தயாரிப்பாளர்கள் மேல் தொடுத்த வழக்கொன்றில் தண்டனை வந்தது 2014இல். தப்பிப் பிழைத்த குழந்தை ஏதும் இருந்திருந்தால், அதற்குள் திருமணமாகி அதற்கே குழந்தை பிறந்திருக்கும்.

ஹைட்டியில் 1996இல் 80க்கும் மேற்பட்ட குழந்தைகள். அங்கே கிளிசரின் சீனாவிலிருந்து ஐரோப்பியத் தரகர்களின் கை மாறி வந்திருந்தது. 2006இல் பனாமாவில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கே சிரப்பைத் தயாரித்தது அரசின் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்துக்குச் சொந்தமான மருந்துத் தயாரிப்புக் கூடமே. சீனாவில் புறப்பட்டபோது அந்தச் சரக்கின் பெயர் 'டி.டி. கிளிசரின்'. சீன மொழியில் மாற்றுப்பொருள் என்பதைக் குறிக்கும் சொல்லின் சுருக்கம் அது. பெய்ஜிங், பார்சிலோனா என்று கைமாறி வந்து சேர்வதற்குள் அந்த இரண்டு எழுத்துகள் உதிர்ந்துபோய், பனாமாவில் இறங்கியது வெறும் 'கிளிசரின்'. வழியில் ஒவ்வொரு தரகரும் முந்தையவரின் சான்றிதழைத் தன் பெயரில் மறுபடி அச்சிட்டாரே தவிர, பீப்பாயைத் திறந்து ஒரு துளி எடுத்துப் பார்க்கவில்லை.

நைஜீரியாவின் கதை இன்னும் வேதனையானது. அந்நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கு 2001 முதல் தலைமை தாங்கிய டோரா அகுன்யிலியின் தங்கை, போலி இன்சுலினால் இறந்தவர். அந்த வடு இருந்ததாலோ என்னவோ, கொலை முயற்சிக்கும் அஞ்சாமல் போலி மருந்துச் சந்தைகளை மூடியவர் அகுன்யிலி. அவர் பதவிக்காலத்தின் இறுதியில்தான் 'மை பிக்கின்' என்ற, பல் முளைக்கும் குழந்தைகளுக்கான சிரப்பில் இதே நஞ்சு கலந்து, 80க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தனர். ஒருவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் கரைப்பான் பீப்பாயைத் திறந்து பார்க்கும் ஏற்பாடு ஆலை வாசலில் இல்லையென்றால் அவரால் ஆகக்கூடியது குறைவு.

இனி காம்பியா. மேற்கு ஆப்பிரிக்காவில் ஓர் ஆற்றின் இரு கரையையும் ஒட்டி நீண்டுகிடக்கும், சுமார் 25 லட்சம் பேர் வாழும் சின்னஞ்சிறு நாடு. 2022 ஜூலையில் தலைநகர் பாஞ்சுலின் பெரிய மருத்துவமனைக்குச் சிறுநீர் நின்றுபோன குழந்தைகள் ஒருவர் பின் ஒருவராக வரத் தொடங்கினர். அந்தச் சமயம் பெருமழையும் வெள்ளமும். எனவே கெட்ட தண்ணீரில் பரவும் கிருமியாக இருக்கும் என்றே முதலில் நினைத்தார்கள். சிந்த்வாடாவில் குடிநீரைச் சோதித்ததும் இதே தர்க்கம்தான்: ஏழை ஊரில் குழந்தை செத்தால் முதல் குற்றவாளி தண்ணீர், இரண்டாவது தாயின் கவனக்குறைவு. சிறு குழந்தைகளுக்கு டயாலிசிஸ் செய்யும் வசதி அங்கே போதாமல், சில பெற்றோர் பக்கத்து நாடான செனகலின் டக்கருக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மருந்தைச் சோதிக்கும் ஆய்வகம் என்று ஒன்று நாட்டிலேயே இல்லாததால் மாதிரிகள் வெளிநாடுகளுக்கு அனுப்பப்பட்டன. உலக சுகாதார நிறுவனம் சோதித்த 23 மாதிரிகளில் நான்கில் டைஎத்திலீன் கிளைக்காலும் அதே வகை நஞ்சான எத்திலீன் கிளைக்காலும் இருந்தன. நான்கும் இந்தியாவில், ஹரியானாவின் ஒரே நிறுவனத்தில் தயாரானவை. அக்டோபர் 5 அன்று உலகுக்கு எச்சரிக்கை வெளியானது. தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் பாட்டில்களைச் சேகரித்தார்கள். ஏறத்தாழ 70 குழந்தைகள் இறந்திருந்தனர்.

இந்தியாவின் மறுமொழி எனக்கு இன்றும் வெட்கம் தருகிறது. ஆலையில் வைத்திருந்த அதே மருந்துகளின் மாதிரிகளை அரசு ஆய்வகத்தில் சோதித்ததாகவும், நஞ்சு இல்லை என்றும் அறிவிக்கப்பட்டது. நிறுவனமும் மறுத்தது. அந்த நான்கு மருந்துகளும் ஏற்றுமதிக்கு மட்டுமே உரிமம் பெற்றவை, இந்தியாவில் விற்கப்படுபவை அல்ல என்று அப்போது விளக்கம் சொல்லப்பட்டது. நம் பிள்ளைகளுக்கு ஆபத்தில்லை என்ற ஆறுதலுக்காகச் சொன்னார்கள் போலும். காம்பியாவில் அதைப் படித்த ஒரு தகப்பனுக்கு அது எப்படி ஒலித்திருக்கும்? அதே ஆண்டில் இந்தோனேசியாவில் உள்நாட்டுச் சிரப்புகளால் 200க்கும் மேற்பட்ட குழந்தைகளும், உஸ்பெகிஸ்தானில் இந்தியச் சிரப்பால் 60க்கும் மேற்பட்ட குழந்தைகளும் இறந்தனர். 2021இல் புரோப்பிலீன் கிளைக்காலின் விலை உலகச் சந்தையில் ஏறியதும் இதற்கொரு காரணமாக இருக்கலாம் என்று சொல்லப்பட்டது. எங்கோ ஒரு ரசாயனச் சந்தையில் பீப்பாயின் விலை ஏறினால், ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து ஜகார்த்தாவிலோ சாமர்கண்டிலோ ஒரு குழந்தைக்குச் சிறுநீர் நிற்கிறது.

உலகம் கூர்ந்து பார்க்கத் தொடங்கியதும் இந்திய அரசு ஒன்றைச் செய்தது. 2023 ஜூன் 1 முதல், ஏற்றுமதியாகும் இருமல் சிரப்புகள் அனைத்தும் கப்பலேறும் முன் குறிப்பிட்ட ஆய்வகங்களில் சோதிக்கப்பட்டுச் சான்றிதழ் பெற வேண்டும் என்று ஆணையிட்டது. காம்பியாவும் தன் பங்குக்கு, இந்திய மருந்துகள் புறப்படும் முன்பே சோதிக்கப்பட வேண்டும் என்று அதே ஆண்டு ஜூலை முதல் விதித்தது. நல்ல ஏற்பாடுகள். ஆனால் இந்தியாவுக்குள் விற்கும் சிரப்புக்கு அப்படியொரு கட்டாயச் சோதனை வரவில்லை. தயாரிப்பாளர் தானே சோதித்துக்கொள்ள வேண்டும் என்ற பழைய விதியே தொடர்ந்தது. ஆலைகளை மேம்படுத்தச் சொல்லும் திருத்தப்பட்ட விதிகளுக்குச் சிறு, நடுத்தர நிறுவனங்கள் 2025 இறுதிவரை அவகாசமும் பெற்றிருந்தன. எனவே 2025இல் சுங்குவார்சத்திரத்தில் தயாரான அந்த சிரப் பாஞ்சுலுக்குப் போவதாக இருந்திருந்தால் ஒரு ஆய்வகத்தின் வழியாகப் போயிருக்கும். சிந்த்வாடாவுக்குப் போனதால் நேராகக் குழந்தையின் வாய்க்கே போனது. 2022இல் ஆப்பிரிக்கக் குழந்தைக்கு நாம் செய்த அநியாயத்தை 2025இல் நம் குழந்தைக்கே செய்துகொண்டோம்.

மேலே சொன்ன ஊர்களில் பெரும்பாலும் முதலில் சந்தேகத்தை எழுப்பியது மருந்து ஆய்வாளர் அல்ல, ஆலையின் தரக்கட்டுப்பாட்டு அலுவலரும் அல்ல. ஒரே வார்டில் ஒரே மாதிரி இறக்கும் குழந்தைகளை எண்ணத் தொடங்கிய மருத்துவர்களே அதை எழுப்பினார்கள். ஆய்வகக் கருவி செய்ய வேண்டிய வேலையைக் குழந்தைகளின் சிறுநீரகம் செய்திருக்கிறது. அந்தச் சோதனையொன்றும் ராக்கெட் விஞ்ஞானமல்ல: மெல்லடுக்கு நிறப்பிரிகை என்ற எளிய முறையில், ஒரு தகட்டில் துளியை இட்டு, ஒரு திரவத்தில் நிற்கவைத்து, புள்ளிகள் எங்கே ஏறி நிற்கின்றன என்று பார்த்தாலே முதற்கட்டச் சந்தேகம் தீரும். மருந்தியல் மாணவர்கள் செய்முறை வகுப்பில் செய்து பழகும் முறை அது.

பணமில்லாத நாட்டால் இதையெல்லாம் செய்ய முடியாது என்பவர்களுக்கு, நான் வேலை பார்த்த அமைப்பையே சாட்சியாகக் காட்டுவேன். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் தொடங்கப்பட்டு 1995இலிருந்து அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தருகிறது. அதற்கு முன் ஒவ்வொரு மருத்துவமனையும் தனித்தனியே வாங்கிக்கொண்டிருந்த காலத்தின் கதைகளை மூத்த கம்பவுண்டர்கள் எங்களுக்குச் சொல்வார்கள். அந்தக் கதைகள் இங்கே வேண்டாம். கழகம் வந்தபின் மருந்து நேராக மருத்துவமனைக்கு வராது. மாவட்டக் கிடங்கில் இறங்கியதும் ஒவ்வொரு பேட்சிலிருந்தும் மாதிரி எடுத்து, தயாரிப்பாளர் பெயரை மறைத்து, ரகசிய எண் இட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். தேறியது என்று பதில் வரும்வரை சரக்கு கிடங்கிலேயே தனியே கிடக்கும். தேறாவிட்டால் திரும்பிப் போகும். யாருடைய மருந்தைச் சோதிக்கிறோம் என்பது ஆய்வகத்துக்கே தெரியாது என்பதுதான் அதன் அழகு. கேரளமும் ராஜஸ்தானும் இதைப் பார்த்துத் தங்களுக்கும் கழகம் அமைத்துக்கொண்டன.

குறையே இல்லாத அமைப்பு என்று சொல்ல மாட்டேன். இண்டெண்ட் (மருந்து கேட்கும் கோரிக்கைச் சீட்டு) போட்டும் மருந்து வராமல், "வெளியே வாங்கிக்கோங்க" என்று ஜன்னல் வழியாகச் சொல்லி நோயாளியின் முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொண்ட நாள்கள் எனக்கு உண்டு. சோதனை முடியும்வரை சரக்கு கிடங்கில் கிடப்பதால் தட்டுப்பாடு வருகிறது என்று நாங்களே முணுமுணுத்திருக்கிறோம். ஆனால் இதில் ஒரு வேடிக்கை உண்டு. என் ஜன்னலில் 'விற்பனைக்கு அல்ல' என்று அச்சிட்ட மாத்திரை அட்டையை வாங்கிக்கொண்டு போனவர்களில் பலர் அதை வெளியே வேப்பமரத்தடியில் வீசிவிட்டுப் போவார்கள். "கவர்மெண்ட் மாத்திரை கேக்காது சார்." பேட்ச் பேட்சாகச் சோதிக்கப்பட்ட மாத்திரையை வீசிவிட்டு, தயாரிப்பாளரைத் தவிர எவரும் சோதித்திராத சிரப்பை அறுபது, எழுபது ரூபாய் கொடுத்து வாங்கிக் குடித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி? மருந்தின் தரம் கண்ணுக்குத் தெரியாதபோது மனிதர்கள் விலையைத்தான் தரமாகப் பார்ப்பார்கள். நல்ல அட்டைப்பெட்டியும் அளவுக் கோப்பையும் உள்ள பாட்டில், வெள்ளை மாத்திரையைவிட மேலானதாகவே தெரியும்.

சிரப்பே வேண்டியதில்லை என்பது என் கட்சி. குழந்தைகளுக்குக் கூடுமானவரை தண்ணீரில் கரையும் மாத்திரைகளைப் பயன்படுத்துங்கள் என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகின்றன. வயிற்றுப்போக்குக்கான துத்தநாகம், நிமோனியாவுக்கான அமாக்சிசிலின், மலேரியா மருந்து எல்லாம் அப்படிக் கிடைக்கின்றன. ஒரு கரண்டித் தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ போட்டால் சிறிது நேரத்தில் கரையும். கரைப்பான் இல்லை, ஆகவே பீப்பாயும் இல்லை, தரகரும் இல்லை. எங்கள் பாட்டி உரைகல்லில் மாசிக்காயையும் சுக்கையும் தாய்ப்பால் விட்டு உரைத்துச் சங்கில் புகட்டுவார். அந்த உரைமருந்தின் நன்மை தீமை வேறு விவாதம். ஆனால் மருந்தைக் கொடுக்கும் நேரத்தில் கரைத்துக் கொடுக்கும் கைப்பழக்கம் நம் வீடுகளுக்குப் புதிதல்ல. ஜன்னலில் நின்று கரையும் மாத்திரையைக் கொடுத்தால் மட்டும் தாய்மார்களின் முகம் சுருங்கும்; "புள்ளைக்கு டானிக் இல்லையா சார்?"

இந்த நஞ்சு கண்டுபிடிக்கப்படுவதற்குக் காரணம், அது வேகமாகவும் ஒரே மாதிரியும் கொல்வதுதான். சுண்ணாம்புத் தூளை மிகுதியாகவும் மருந்தைக் குறைவாகவும் அடைத்த ஆன்டிபயாடிக் மாத்திரை அப்படிக் காட்டிக்கொடுக்காது. குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் புழங்கும் மருந்துப் பொருள்களில் பத்தில் ஒன்று தரமற்றதோ போலியோ என்று உலக சுகாதார நிறுவனம் 2017இல் மதிப்பிட்டது. இத்தகைய ஆன்டிபயாடிக்குகளால் நிமோனியாவில் இறக்கும் குழந்தைகள் மட்டும் ஆண்டுக்கு 72,000 முதல் 1,69,000 வரை இருக்கலாம் என்று எடின்பரோ பல்கலைக்கழகத்தின் கணக்கு ஒன்று அப்போது சொன்னது. அந்தக் குழந்தைகளின் இறப்புச் சான்றிதழில் நிமோனியா என்றே எழுதியிருக்கும். எந்த மருத்துவரும் அவர்களை எண்ணத் தொடங்கப்போவதில்லை.

திண்ணையில் அன்று இவ்வளவையும் நான் சொல்லவில்லை. கைப்பேசியில் தடை செய்யப்பட்ட மருந்துகளின் பெயர்களையும் பேட்ச் எண்களையும் எடுத்து, மூன்று பாட்டில்களோடும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டேன். மூன்றும் அந்தப் பட்டியலில் இல்லை. பட்டியலில் ஏறுவதற்கு முதலில் ஒருவர் அந்த பாட்டிலைச் சோதித்திருக்க வேண்டும்; இந்த மூன்றையும் யாராவது சோதித்தார்களா என்பதை அறிய என்னிடமோ அவளிடமோ எந்த வழியும் இல்லை.

"பட்டியல்ல இல்லம்மா" என்றேன்.

"அப்ப நல்ல மருந்துதானே மாமா?"

"பட்டியல்ல இல்ல."

என்னை ஒரு கணம் பார்த்தாள். மூன்று வயதுப் பிள்ளையின் சளிக்குச் சிரப் அவசியமில்லை, தானாகவே ஒரு வாரத்தில் சரியாகும், மூச்சு வாங்கினால் மட்டும் உடனே மருத்துவமனைக்குப் போ என்று சொன்னேன். மூன்று பாட்டில்களையும் பையோடு என்னிடமே விட்டுவிட்டு எழுந்தாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்து, பையைத் தேடி, காய்ச்சல் மருந்தை மட்டும் கையில் எடுத்துக்கொண்டாள். "இது இருக்கட்டும் மாமா, ராத்திரி ஒடம்பு சுட்டா என்ன பண்றது" என்றாள். வேண்டாம் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. கொடு என்று சொல்லவும் இல்லை. மற்ற இரண்டு பாட்டில்களும் இன்னும் என் அலமாரியின் மேல்தட்டில் இருக்கின்றன.